பெரிய டேட்டாபேஸுக்கு எந்த டிஸ்க் வாங்குவது? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலைப் பதிவுகள், ஆஸ்பத்திரி ஆவணங்கள், நிதி நிறுவனக் கணக்குகள் என்று பல டெராபைட் டேட்டாபேஸைச் சொந்தக் கட்டடத்திலேயே வைத்து நடத்துகிறவர்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேகத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுவோம். டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்யாமல் மற்ற எதையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் ஃபிளாஷ் சில்லுகளில் எழுதும் டிஸ்க்) வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கரண்ட் திடீரென்று போனால் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்க உள்ளேயே மின்தேக்கிகள் (சிறிது நேரம் கரண்ட் தரும் கெபாசிட்டர்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். விவரக்குறிப்பில் இதை "பவர் லாஸ் புரொடெக்‌ஷன்" என்று போட்டிருப்பார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு கமிட்டின்போதும் (மாற்றத்தை உறுதியாக்கும் கட்டத்தில்) டேட்டாபேஸ், மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் தன் லாக் கோப்பை நிலையாக எழுதச் சொல்லி "எஃப்சிங்க்" என்ற கட்டளையை அனுப்பும். டிஸ்க் "ஆச்சு" என்று பதில் சொன்ன பிறகுதான் பயனரிடம் "பணம் வரவு வைக்கப்பட்டது" என்று காட்டும். எஸ்எஸ்டிக்கு வரும் தரவோ முதலில் அதன் உள்ளே இருக்கும், கரண்ட் போனால் அழிந்துவிடும் டிராம் நினைவகத்தில் இறங்கி, பிறகுதான் ஃபிளாஷுக்குப் போகிறது. மின்தேக்கி இருந்தால் டிராமுக்கு வந்ததுமே தைரியமாக "ஆச்சு" என்று சொல்லலாம். கரண்ட் போனாலும் மிச்சத்தை எழுதிவிடும். மின்தேக்கி இல்லாத டிஸ்க்குக்கு இரண்டே வழி. ஒன்று, ஃபிளாஷில் எழுதி முடியும்வரை காக்க வைக்கும். கமிட் ஒவ்வொன்றும் மில்லிவினாடிக் கணக்கில் இழுக்கும். அல்லது எழுதாமலேயே "ஆச்சு" என்று சொல்லும். இந்த இரண்டாவது ரகம்தான் டேட்டாபேஸைக் கெடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சில மலிவு மாடல்களில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே ஃபிளாஷில் கிடக்கும் தரவுக்கு மட்டும்தான். டிராமில் பயணத்தில் இருக்கும் தரவையும் காப்பாற்றுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதர்போர்டில் நேரே செருகும் எம்.2 அட்டை வகை என்றால், 80 மில்லிமீட்டர் நீளமுள்ளவற்றில் மின்தேக்கிக்கு இடமிருப்பது அபூர்வம். 110 மில்லிமீட்டர் அட்டைகளில்தான் பெரும்பாலும் இருக்கும்.

கடைக்கார அண்ணாச்சி "சாதாரண எஸ்எஸ்டியும் அதே வேகம்தான், பாதி விலைதான்" என்கிறார். எடுத்துக்கலாமா?

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம், பெரிய கோப்பு ஒன்றைச் சில வினாடி வரிசையாக எழுதும்போது கிடைப்பது. டேட்டாபேஸ் நாள் முழுவதும் 8 கேபி, 16 கேபி துண்டுகளாக இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதும். வீட்டு உபயோக எஸ்எஸ்டியில் வேகக் கேச் (தரவை முதலில் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பியதும் எழுதும் வேகம் பல மடங்கு விழுந்துவிடும், ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் கியூஎல்சி ஃபிளாஷில் இன்னும் மோசம். பில்லிங் கணினிக்கு வாங்குங்கள், டேட்டாபேஸ் சர்வருக்கு வேண்டாம்.

டிஸ்க் பொய் சொல்கிறதா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சர்வரைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன் கட்டாயம் செய்யவும் வேண்டும்.

முதல் சோதனை கணக்கு மட்டும்தான். 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி எஃப்சிங்க் செய்தால் வினாடிக்கு ஏறத்தாழ 120 முறைக்கு மேல் போக வழியில்லை. போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக் கேச் எதுவும் இல்லாத தனி ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் எண் வந்தால், நடுவில் ஏதோ ஒன்று எழுதாமலேயே தலையாட்டுகிறது. அது டிஸ்க்கின் கேச்சாக இருக்கலாம், ரெய்டு கார்டாக (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு) இருக்கலாம், மெய்நிகர் கணினி அமைப்பாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கும் சோதனை:

1. வேறொரு கணினியிலிருந்து சர்வருக்குள் 1, 2, 3 என்று வரிசை எண்களைத் தொடர்ந்து சேர்க்கும் சின்ன நிரல் ஒன்றை ஓட்டுங்கள். பத்திருபது இணைப்புகள் ஒரே நேரத்தில் எழுதட்டும். கமிட் ஆனதாகப் பதில் வந்த எண்களை அந்த வெளிக் கணினியிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.
2. முழு வேகத்தில் ஓடும்போது சர்வரின் பின்னால் இருக்கும் இரண்டு பவர் ஒயர்களையும் ஒரே சமயத்தில் பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்துவதும், இயங்குதளத்துக்குள்ளிருந்து ரீபூட் கொடுப்பதும் இந்தச் சோதனைக்கு ஆகாது. அப்போது டிஸ்க்குக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும்.
3. சில நிமிடம் கழித்து இயக்கி, டேட்டாபேஸ் மீண்டெழுந்ததும் எண்களை ஒப்பிடுங்கள். குறித்த எண்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.
4. செக்சம் (தரவு கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சோதனையை முழு டேட்டாபேஸ் மீதும் ஓட்டுங்கள்.

ஒருமுறை பிழைத்தால் போதாது. பத்து முறையாவது செய்யுங்கள். பத்தில் ஒருமுறை ஒரே ஒரு எண் காணாமல் போனாலும் அந்த டிஸ்க்கைத் திருப்பி அனுப்பலாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

வரிசைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். கயத்தாறு, இராதாபுரம், பணகுடிப் பக்கம் இருக்கும் காற்றாலைகளை எடுத்துக்கொள்வோம். 200 காற்றாலை, ஒவ்வொன்றிலும் 50 அளவீடு, வினாடிக்கு ஒருமுறை பதிவு என்றால் வினாடிக்கு 10,000 வரிசை. ஒரு நாளுக்கு 86.4 கோடி. போஸ்ட்கிரெஸ்ஸில் நேரம், ஆலை எண், அளவீட்டு எண், மதிப்பு என்று நான்கு பத்தி மட்டுமே உள்ள வரிசைக்கே தலைப்பகுதியோடு சேர்த்து 52 பைட் ஆகிவிடும். அதாவது நாளுக்கு 45 ஜிபி. வேகமாகத் தேட உதவும், மூன்று பத்தி சேர்ந்த இண்டெக்ஸ் இன்னும் 27 ஜிபி கேட்கும். கூட்டினால் நாளுக்கு 72 ஜிபி, வருடத்துக்கு 26 டிபி.

இதைக் கேட்டதும் 26 டிபிக்கு எஸ்எஸ்டி விலை விசாரிக்கப் போகாதீர்கள். வினாடிப் பதிவை 90 நாள் வைத்துக்கொண்டு, பழையதைக் காற்றாலைத் துறையின் வழக்கப்படி 10 நிமிடச் சராசரியாகச் சுருக்கினால் வரிசைகள் 600-ல் ஒரு பங்காகிவிடும். 90 நாளுக்கு 6.5 டிபிதான். மூலப் பதிவு கட்டாயம் வேண்டும் என்றால் அமுக்கி ஹார்ட் டிஸ்க்குக்கோ டேப்புக்கோ தள்ளலாம். டிஸ்க்கைத் தேர்வு செய்வதற்கு முன் எதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முடிவு செய்வதில்தான் அதிகப் பணம் மிச்சமாகிறது.

வரும் எண்ணோடு 30 சதவீதம் காலியிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய இண்டெக்ஸை மறுபடி கட்டும்போது அதே அளவு இடம் தற்காலிகமாகத் தேவைப்படும். தவிர, நிரம்பி வழியும் எஸ்எஸ்டிக்கு உள்ளே இடமாற்ற வேலை கூடும். வேகமும் ஆயுளும் குறையும்.

ஒரு நாளைக்கு 3 முறை முழுதாக எழுதலாம் என்ற டிஸ்க் விலை அதிகம். 1 முறை என்றது போதுமா?

பெரும்பாலும் போதும். "நாளொன்றுக்கு 1 முழு எழுத்து, 5 வருடம்" என்ற தரத்தில் 7.68 டிபி டிஸ்க் என்றால் மொத்தம் 14,000 டிபி எழுதலாம். மேலே சொன்ன காற்றாலைக் கணக்கில் லாக், அதில் சேரும் பக்கப் பிரதிகள், பழைய வரிசைகளை நீக்கும் துப்புரவு வேலை எல்லாம் சேர்த்து நான்கு மடங்கு என்றே வைத்தாலும் நாளுக்கு 290 ஜிபிதான் எழுதுகிறோம். நான்கு டிஸ்க் ரெய்டு 10-ல் (ஒரே தரவை ஜோடி டிஸ்க்குகளில் எழுதும் அமைப்பு) ஒரு டிஸ்க்குக்கு அதில் பாதி. டிஸ்க் தாங்கும் அளவில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

சேர்த்துக்கொண்டே போகும் டேட்டாபேஸுக்கு 3 முறைத் தரம் வீண்செலவு. இருக்கும் வரிசைகளையே நாள் முழுக்கத் திருத்தும் வேலைக்குத்தான் அது தேவைப்படும்: வங்கி இருப்பு, சரக்குக் கணக்கு, பல இண்டெக்ஸ் உள்ள பட்டியல்கள். ஊகிக்கவும் வேண்டாம். இப்போது ஓடும் சர்வரின் எஸ்எஸ்டியில் "மொத்தம் எழுதியது" என்ற எண்ணை இன்று ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை குறித்துக் கழித்துப் பாருங்கள்.

ரெய்டு 5-ஆ, ரெய்டு 10-ஆ?

ரெய்டு 10.

ரெய்டு 5-ல் ஒரு சிறு எழுத்துக்குப் பழைய தரவையும் பழைய பேரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும், நான்கு வேலை. இரண்டு பேரிட்டி வைக்கும் ரெய்டு 6-ல் ஆறு. ரெய்டு 10-ல் இரண்டுதான். நடுவில் கரண்ட் போனால் தரவும் பேரிட்டியும் பொருந்தாமல் நின்றுவிடும் ஆபத்தும் ரெய்டு 5-க்கு உண்டு.

ஒரு டிஸ்க் போன பிறகு மறுகட்டும் நேரத்தையும் பாருங்கள். 20 டிபி ஹார்ட் டிஸ்க்கை வினாடிக்கு 200 எம்பி வீதம் இடைவிடாமல் எழுதினாலே 28 மணி நேரம் ஆகும். டேட்டாபேஸும் ஓடிக்கொண்டிருந்தால் அது சில நாளாக நீளும். அதுவரை மிச்ச டிஸ்க்குகள் அத்தனையும் பிசகாமல் படிக்கப்பட வேண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குக் குறிப்பிடும் படிப்புப் பிழை வரம்பு 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று, அதாவது 12.5 டிபிக்கு ஒன்று. சர்வர் தர டிஸ்க்குக்கு அதைவிடப் பத்து மடங்கு நல்ல வரம்பு. பெரிய டிஸ்க்கில் ஒற்றைப் பேரிட்டியை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பேக்கப் பெட்டிக்கு ரெய்டு 6 பொருத்தமானது.

ரெய்டு கார்டா, இசட்எஃப்எஸ்ஸா?

ரெய்டு கார்டு, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை மென்பொருள் இரண்டும் சரியாக அமைத்தால் நல்லவை. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினால்தான் தொல்லை. இசட்எஃப்எஸ் வேண்டுமானால் டிஸ்க்கை அப்படியே கொடுக்கும் சாதாரண இணைப்புக் கார்டு போடுங்கள். ரெய்டு வேலையை இசட்எஃப்எஸ் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்திருப்பதால் சத்தமில்லாமல் கெட்டுப்போன தரவைக் கண்டுபிடித்து, நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்யும். துண்டு அளவை மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபிக்கு 16 கேபி என்று வையுங்கள். பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் போடுங்கள். இது எந்த டேட்டாபேஸ் சர்வருக்கும் பொருந்தும்.

ரெய்டு கார்டு என்றால் அதன் பேட்டரியையோ ஃபிளாஷ் காப்பையோ கவனியுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் மட்டும் கேச்சில் எழுதும் முறையை வையுங்கள். "எப்போதும் கேச்சில் எழுது" என்ற அமைப்பு வேகமாகத் தெரியும், ஆனால் பேட்டரி செத்த பிறகும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கும். கார்டுக்குப் பின்னால் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளின் சொந்தக் கேச்சை அணைத்துவிடுங்கள். கார்டின் பேட்டரி அவற்றைக் காப்பாற்றாது.

எந்த வழியானாலும் டேட்டாபேஸின் சொந்தச் செக்சமும் ஓட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 18-லிருந்து அது இயல்பாகவே இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாமே இயக்க வேண்டும்; பதிப்பு 12 முதல் சர்வரை நிறுத்திவிட்டுப் பிற்பாடும் சேர்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

பேக்கப்புக்கும் பழைய பதிவுகளுக்கும் இருக்கிறது. ஓடும் டேட்டாபேஸுக்கு இல்லை; ஒரு ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு நூற்றுச் சொச்சம் சிதறிய படிப்புகளைத்தான் தாங்கும். வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள். அதில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால் ஓரிடத்தைத் திருத்த அக்கம்பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டு மறுகட்டும்போது படுத்துவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் இந்த வகை என்பது விற்பனைக்கு வந்த பிறகே தெரியவந்து பெரிய சர்ச்சையானது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்ப்பதுதான் ஒரே வழி.

எல்லா டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குவது தவறா?

ஆம். ஒரே தொகுதியில் வந்த டிஸ்க்குகளில் ஒரே குறை இருக்கலாம். 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ தன்னுடைய சில எஸ்ஏஎஸ் (சர்வர் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகளைப் பற்றி அறிவித்தது: ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) பிழையால் அவை சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தரவையும் மீட்க முடியாது. ஒரே நாளில் இயக்கிய டிஸ்க்குகள் ஒரே நாளில் நிற்கும்போது எந்த ரெய்டும் உதவாது.

அதனால் ஜோடியின் இரண்டு டிஸ்க்கும் வெவ்வேறு தயாரிப்பு மாதமாக, முடிந்தால் வெவ்வேறு மாடலாக இருக்கட்டும். அதே தரவை உடனுக்குடன் வாங்கி வைத்திருக்கும் பிரதி சர்வரில் வேறு நிறுவன டிஸ்க் போடுங்கள். ஃபர்ம்வேர் அறிவிப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஆன்லைனில் விலை மிகக் குறைவாகக் கிடைக்கும் சர்வர் டிஸ்க்?

வாரண்டி யாரிடம் என்று முதலில் கேளுங்கள். சர்வர் நிறுவனத்துக்காகச் செய்த டிஸ்க்குக்கு டிஸ்க் தயாரிப்பாளர் நேரடியாக வாரண்டி தரமாட்டார். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்திய வாரண்டி இருக்கிறதா, எந்தத் தேதிவரை என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பழையதைப் புதிதென்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக விற்கப்பட்டது வெளிவந்தது. டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் வழக்கமான ஸ்மார்ட் அறிக்கையில் பூஜ்யம் காட்டியது. சீகேட்டின் "ஃபார்ம்" என்ற தனிப் பதிவில்தான் உண்மையான மணி நேரம் இருந்தது. சீகேட் வாங்கினால் இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த டிஸ்க் வந்தாலும் முழுதாக இரண்டு முறை எழுதிப் படித்து, நீண்ட சுயசோதனையையும் ஓட்டிய பிறகே சர்வரில் சேருங்கள். 20 டிபி டிஸ்க்குக்கு இது ஒரு வார வேலை.

ஆடிக் காற்றும் கோடை இடியும் உள்ள ஊரில் கரண்ட் விஷயத்தில் என்ன செய்வது?

டபுள் கன்வர்ஷன் ஆன்லைன் யுபிஎஸ் (எப்போதும் இன்வர்ட்டர் வழியே சீரான கரண்ட் தரும் வகை) வாங்குங்கள். லைன் இன்டராக்டிவ் வகை, வோல்டேஜ் அதிகமாக ஏறி இறங்கும்போதெல்லாம் பேட்டரிக்கு மாறி மாறி அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும். சர்வர், டிஸ்க் பெட்டி, சுவிட்ச் சேர்ந்து 1,200 வாட் இழுத்தால் 3 கேவிஏ எடுங்கள். பாதிச் சுமையில் ஓடட்டும். சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள்.

எர்த்திங்கைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து எதிர்ப்பு ஏறும். பங்குனி தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்க வேண்டும்.

யுபிஎஸ்ஸையும் சர்வரையும் யுஎஸ்பியிலோ நெட்வொர்க்கிலோ இணைத்து, பேட்டரி பாதிக்கு வந்ததும் டேட்டாபேஸ் தானாக நிற்கும்படி அமையுங்கள். பெரிய டேட்டாபேஸ் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் எழுதி நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். "5 சதவீதம்" என்று வைத்தால் பாதியில் கரண்ட் போய்விடும். யுபிஎஸ் இருக்கிறதே என்று மின்தேக்கி இல்லாத டிஸ்க் வாங்கிவிடாதீர்கள். யுபிஎஸ்ஸே எரிந்து போவதும் உண்டு, ஒயரைத் தெரியாமல் காலால் இழுத்துவிடுவதும் உண்டு.

வெப்பம், தூசி, உப்புக் காற்று?

சர்வரின் முகப்பில் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. வெளியே கத்திரி வெயில் 40-ஐத் தொடும் ஊரில் ஒற்றை ஏசியை நம்ப முடியாது. இரண்டு ஏசி, டைமரில் மாறி மாறி ஓடட்டும். கவனிக்க வேண்டியது: யுபிஎஸ்ஸில் சர்வர் ஓடும், ஏசி ஓடாது. மூடிய சிறு அறை சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும். ஜெனரேட்டரில் ஏசியையும் சேருங்கள். அறை 35 டிகிரி ஆனால் சர்வர் தானே நிற்கட்டும். யுபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரிக்கும் வெயில் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும்.

பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றுக் காலத்தில் தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் வெளிக்காற்றை உள்ளே விடும் மின்விசிறியே வேண்டாம். உப்பு இணைப்பு முனைகளை அரித்து, காரணம் தெரியாத டிஸ்க் எரர்களாக வெளிப்படும்.

ஐ/ஓ எரர் (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) ஒருமுறை வந்தது, பிறகு வரவில்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. எழுத்து தோற்றபின் லினக்ஸ் இயங்குதளம் நினைவகத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை "எழுதியாச்சு" என்று குறித்துவிடலாம். இரண்டாம் முறை எஃப்சிங்க் வெற்றி என்று வரும், தரவு இருக்காது. 2018-ல் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே நின்று லாக்கிலிருந்து மீண்டெழும்படி மாற்றப்பட்டது. எனவே ஒரு எரர் வந்தாலே கேபிளையும் டிஸ்க்கையும் சோதித்து, செக்சமை முழுதாக ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 187, 188, 197, 198 என்று எண்ணிட்ட ஐந்து வரிகளின் மதிப்பைத் தினமும் பாருங்கள். பூஜ்யமாக இருந்தது ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ரெய்டு, பிரதி சர்வர் இரண்டும் இருக்கின்றன. பேக்கப் வேறு வேண்டுமா?

வேண்டும். தவறாகக் கொடுத்த ஒரு "அழி" கட்டளை, பிரதி சர்வருக்கு நொடியில் போய்ச் சேரும். முழு பேக்கப்போடு லாக் கோப்புகளையும் தொடர்ந்து சேமித்தால்தான் "நேற்று மாலை 4.10-க்கு இருந்தபடி" என்று திரும்ப முடியும்.

இடம் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதிக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்வர் அறை தரைத்தளத்தில் வேண்டாம். யுபிஎஸ் பேட்டரியும் ஜெனரேட்டரும்கூடக் கீழே வேண்டாம். சர்வர் வண்ணார்பேட்டையிலும் பேக்கப் கொக்கிரகுளத்திலும் இருந்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் தொடும். ஒரு பிரதி மதுரையிலோ சென்னையிலோ இருக்கட்டும். பேக்கப் பெரிதாகப் பெரிதாக டேப்பையும் யோசிக்கலாம். எல்டிஓ 9 டேப் ஒன்று அமுக்காமலேயே 18 டிபி கொள்ளும். அலமாரிக்குப் போன பிறகு தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதைத் தொட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்றுச் சர்வர் ஒன்றில் முழுதாக மீட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்றும் குறியுங்கள்.

இவ்வளவு பாடுக்குக் கிளவுடே மேல் இல்லையா?

சிறிய குழுவுக்கு மேல்தான். ஆனால் அங்கேயும் டிஸ்க் டிஸ்க்தான். அமேசான் கிளவுடின் ஜிபி3 வகை டிஸ்க்குக்கு அவர்களே சொல்லும் நிலைப்பு 99.8 முதல் 99.9 சதவீதம், ஆயிரம் டிஸ்க்கில் வருடத்துக்கு ஒன்றிரண்டு போகலாம் என்று பொருள். சர்வரோடு ஒட்டி வரும் வேகமான உள் டிஸ்க்கில் வைத்தால், சர்வரை நிறுத்தியதும் தரவு போய்விடும். பேக்கப் வேலை அங்கேயும் உங்களுடையதுதான்.

பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தால் தரவு எவ்வளவு காலம் நிற்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. தன் எழுதும் ஆயுளை முடித்த சர்வர் எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் தரவைத் தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் என்ற குறைக்கடத்தித் தர அமைப்பு வகுத்த தரம். வீட்டு உபயோக வகைக்கு 30 டிகிரியில் 1 வருடம். வெயிலில் காயும் மேல்மாடி அறை இரண்டையும் இன்னும் குறைக்கும். தரவை டேப்புக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ மாற்றி, செக்சம் ஒப்பிட்ட பிறகே எஸ்எஸ்டியைக் கழற்றுங்கள்.